எந்த வெர்ஷன் வீடு? – ஜேம்ஸ் மேடிசனின் மான்ட்பீலியர்

மான்ட்பீலியர் என்று தேடினால் முதலில் பிரான்ஸ் நாட்டு ஊரோ, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத் தலைநகரோ வந்து நிற்கும். இந்தப் பதிவு அந்த இரண்டைப் பற்றியும் இல்லை. வர்ஜீனியா மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரைப் பார்த்தபடி ஒரு செங்கல் வீடு இருக்கிறது. அமெரிக்காவின் நான்காவது அதிபர் ஜேம்ஸ் மேடிசன் வாழ்ந்த வீடு. அதன் பெயரும் மான்ட்பீலியர்தான். இப்போது அது அருங்காட்சியகம்.

மேடிசனை 'அரசியலமைப்பின் தந்தை' என்று சொல்வது அமெரிக்கர்களின் வழக்கம். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னானுக்கும் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோவுக்கும் இருக்கிற புகழ் இந்த வீட்டுக்குக் கிடையாது. ஆனாலும் இரண்டு காரணங்களுக்காக இதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, இவ்வளவு துணிச்சலாக இடித்துப் 'பழையபடி' ஆக்கப்பட்ட நினைவு இல்லங்கள் ரொம்பக் குறைவு. இரண்டு, 2022-ல் இந்த அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவில் நடந்த ஓட்டுச் சண்டை. 235 வருடத்துக்கு முன்னால் மேடிசன் எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினாரோ, அதே கேள்வி அவர் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. பிரதிநிதித்துவம் யாருக்கு, எத்தனை?

வரிசையாகப் பார்ப்போம்.

வீடு வளர்ந்த கதை

மேடிசனின் தாத்தா ஆம்ப்ரோஸ் மேடிசன் 1723-ல் இந்த நிலத்துக்குப் பட்டா வாங்கினார். முதலில் அடிமைகளையும் ஒரு மேற்பார்வையாளரையும் அனுப்பிக் காட்டைத் திருத்தவைத்தார். 1732-ல் குடும்பத்தோடு குடிவந்தார். வந்த சில மாதங்களிலேயே இறந்துபோனார். விஷம் வைத்ததாக அடிமைகள் மூன்று பேர் மேல் வழக்கு நடந்தது. பாம்ப்பி என்பவரைத் தூக்கிலிட்டார்கள். டர்க், டைடோ என்ற இருவருக்கும் சவுக்கடி கொடுத்து, வேலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பாம்ப்பி பக்கத்துப் பண்ணைக்காரருடைய அடிமை. டர்க்கும் டைடோவும் மேடிசன் குடும்பத்தின் அடிமைகள். தங்கள் சொத்தான இருவரையும் கொன்றால் குடும்பத்துக்குத்தானே நஷ்டம்! குற்றச்சாட்டு உண்மையோ பொய்யோ, இந்தப் பண்ணையின் ஆவணங்களில் அடிமைகளின் பெயர்கள் தலைகாட்டுவதே இப்படித்தான்: ஒரு வழக்கில், ஒரு தண்டனையில்.

இன்று நிற்கும் வீட்டின் மையப்பகுதியைக் கட்டியவர் மேடிசனின் அப்பா. 1760-களின் தொடக்கத்தில் கட்டினார். அந்த வட்டாரத்தில் அதுதான் பெரிய செங்கல் வீடு. புது வீட்டுக்குச் சின்னச் சின்ன சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்ததைக் கடைசிக் காலத்தில் மேடிசன் நினைவுகூர்ந்திருக்கிறார். 1751-ல் பிறந்தவர் என்பதால் அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்.

அதற்குப் பிறகு இரண்டு பெரிய மாற்றங்கள். 1797 வாக்கில், டாலியைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பிய மேடிசன், வடபுறம் 30 அடி நீட்டிப்புக் கட்டினார். முன்னால் உயரமான தூண்கள் வைத்த முகப்பும் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், பழைய பாதிக்கும் புதுப் பாதிக்கும் தரைத்தளத்தில் உள்வழிக் கதவு கிடையாது! அப்பா அம்மா ஒரு பக்கம், மகன் மருமகள் ஒரு பக்கம். அடுப்பும் தனித்தனி. ஒரே கூரைக்கடியில் தனிக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடுத்து, 1809-க்கும் 1812-க்கும் நடுவில், அதிபராக இருந்தபோது, இரண்டு பக்கமும் ஒரு மாடி இறக்கைகளைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே வீடாக்கினார். கட்டியவர்கள் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோவில் வேலை பார்த்த டின்ஸ்மோர், நீல்சன் என்ற இரண்டு கைதேர்ந்த தச்சர்கள். அம்மா நெல்லி 1829 வரை, 97 வயது வரை, தன் பக்கத்தில் தன் பழைய நேரக்கணக்குப்படியே வாழ்ந்தார்.

மாடி அறை

இந்த வீட்டுக்கு உலகப் பெருமை தருவது மேல்மாடியில் மலையைப் பார்த்தபடி இருக்கும் அறைதான். 1786-லும் 1787 தொடக்கத்திலும் மேடிசன் இங்கே உட்கார்ந்து படித்தார். பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சன் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பினார். பண்டைய கிரேக்கக் கூட்டமைப்புகள், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, ஜெர்மானியப் பேரரசு ஆகியவற்றில் எது ஏன் உடைந்தது, எங்கே பலவீனம் என்று குறிப்பெடுத்தார். என் தொழிலில் இதை 'போஸ்ட்மார்ட்டம்' என்போம். ஒரு சிஸ்டம் விழுந்ததும் ஆளைத் திட்டாமல் காரணத்தைத் தேடி எழுதுவது. மேடிசன் செய்தது அதையேதான், குடியரசுகளுக்கு.

அந்தக் குறிப்புகளோடு பிலடெல்பியாவுக்குப் போனார். மாநாடு 1787 மே 25-ல்தான் தொடங்கியது. இவர் மே 3-ஆம் தேதியே ஆஜர். கையில் இருந்த யோசனைகள் 'வர்ஜீனியா திட்டம்' என்ற பெயரில் 15 தீர்மானங்களாக மாநாட்டின் முன் வைக்கப்பட்டன. விவாதம் அதை வைத்துத்தான் தொடங்கியது. மாநாடு முழுக்க தினமும் உட்கார்ந்து குறிப்பெடுத்தவரும் அவரே. அவர் இறந்த பிறகு 1837-ல் காங்கிரஸ் 30,000 டாலர் கொடுத்து அந்தத் தாள்களை வாங்கியது, 1840-ல் அச்சானது. உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி இந்த மனிதரின் கைவேலை.

அந்தக் குறிப்புகளிலேயே அவருடைய முரண்பாடும் இருக்கிறது. ஜூன் 6 அன்று பேசும்போது, வெறும் நிற வேறுபாட்டை அடிப்படையாக வைத்து மனிதன் மனிதன்மேல் செலுத்தும் மிகக் கொடிய ஆதிக்கத்தை இந்த அறிவொளிக் காலத்திலேயே பார்க்கிறோம் என்றார். ஆகஸ்டில், மனிதர்கள் சொத்தாக இருக்கமுடியும் என்ற கருத்தை அரசியலமைப்பில் ஏற்றுவது தவறு என்றார். 'அடிமை' என்ற சொல்லே அந்த ஆவணத்தில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். சொல் இல்லை, விஷயம் மட்டும் மூன்று இடங்களில் இருந்தது. அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கக்கூடாது. தப்பி ஓடியவரைத் திருப்பிக் கொடுக்கணும். மூன்றாவது, பிரபலமான ஐந்தில் மூன்று பங்கு விதி.

ஒரு சின்னக் கணக்கு

இந்த ஐந்தில் மூன்று விதியைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'கறுப்பினத்தவரை முழு மனிதராக மதிக்காமல் முக்கால்வாசிக்கும் குறைவாக மதித்தார்கள்' என்று. அப்படியானால் முழுதாக எண்ணச் சொன்னவர்கள் நல்லவர்கள் என்றாகிவிடும், இல்லையா? நடந்தது தலைகீழ். அடிமைகளை முழு எண்ணிக்கையாகச் சேர்க்கச் சொன்னது அடிமை வைத்திருந்த தெற்கு மாநிலங்கள். ஓட்டே இல்லாதவர்களை எதற்கு எண்ணணும் என்று கேட்டது வடக்கு. எண்ணிக்கை கூடக் கூடக் காங்கிரஸில் இடங்கள் கூடும். அந்த இடங்களில் போய் உட்காருகிறவர் முதலாளி. ஐந்தில் மூன்று என்பது இரண்டு தரப்புக்கும் நடுவில் நடந்த பேரம். வரிப் பங்கீட்டுக்காக 1783-லேயே இந்த விகிதத்தைக் காங்கிரஸில் முன்வைத்தவர் மேடிசன்தான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். 1790 மக்கள்தொகைக் கணக்குப்படி வர்ஜீனியாவில் 7,47,610 பேர். அதில் அடிமைகள் 2,92,627 பேர். பத்துக்குக் கிட்டத்தட்ட நாலு பேர்.

சுதந்திர மக்கள் மட்டும்: 4,54,983.
அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கு: 1,75,576.
இடங்களைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் தொகை: 6,30,559.

அப்போது 33,000 பேருக்கு ஒரு இடம், மீதியைத் தள்ளிவிடுவது என்று விதி. 6,30,559-ஐ 33,000-ஆல் வகுத்தால் 19. வர்ஜீனியாவுக்குக் கிடைத்ததும் 19 இடங்கள்தான். அடிமைகளைச் சேர்க்காமல் வகுத்தால்? 13. ஆக, ஓட்டுப் போட முடியாத, வாய் திறக்க முடியாத மூன்று லட்சம் பேரின் பெயரால் அவர்களுடைய முதலாளிகளுக்கு ஆறு இடங்கள் அதிகம்.

ஒப்பிட ஒரு மாநிலம் வேண்டுமானால் மாசசூசெட்ஸைப் பாருங்கள். அந்தக் கணக்கெடுப்பில் அங்கே ஒரு அடிமைகூடப் பதிவாகவில்லை. மக்கள்தொகை சுமார் 4,75,000. வர்ஜீனியாவின் சுதந்திர மக்களைவிட இருபதாயிரம் பேர் அதிகம். கிடைத்த இடங்கள் 14.

அதிபர் தேர்தலில் மாநிலத்துக்கு எத்தனை ஓட்டு என்பதும் இதே எண்ணிக்கையை வைத்துத்தான். முதல் ஐந்து அதிபர்களில் நாலு பேர் வர்ஜீனியாக்காரர்கள் என்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம். நாலாவது அதிபர் மேடிசன்.

சரி, அந்த மாடி அறைக்குத் திரும்புவோம். அவர் படித்துக்கொண்டிருந்த ஜன்னலிலிருந்து நூறு அடிக்குள் எண்ணத்தக்க ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று தலைமுறையில் சுமார் 300 பேரை இந்தக் குடும்பம் அடிமைகளாக வைத்திருந்தது. அவருக்கு விறகு போட்டவர், தண்ணீர் எடுத்து வந்தவர், மெழுகுவர்த்தி ஏற்றியவர் எல்லாம் இவர்கள்தான். அரசியலமைப்பு எழுத அவருக்குக் கிடைத்த ஓய்வு நேரம் இவர்களுடைய உழைப்பில் வந்தது.

உயிலும் உண்மையும்

மேடிசனுக்கு மனச்சாட்சி உறுத்தவில்லை என்று சொல்ல முடியாது. அவருடைய செயலாளராக இருந்த எட்வர்ட் கோல்ஸ், 1819-ல் தன் அடிமைகளை இல்லினாய் பக்கம் கூட்டிப்போய் விடுதலை செய்து நிலமும் கொடுத்தார். பிறகு அந்த மாநில ஆளுநராகவும் ஆனார். நீங்களும் செய்யுங்கள் என்று மேடிசனை விடாமல் நச்சரித்தார். 1824-ல் விருந்தாளியாக வந்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டும் இந்தப் பேச்சை எடுத்தார். மேடிசன் கேட்டுக்கொண்டார். விடுதலையானவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக் குடியேற்றும் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். தன் அடிமைகளை மட்டும் விடுவிக்கவில்லை. 1834-ல், கடன் நெருக்கியபோது, 16 பேரை உறவினர் ஒருவருக்கு விற்றார்.

1836 ஜூன் 28-ல் இறந்தார். உயிலில் இருந்தது இவ்வளவுதான்: அவர்கள் சம்மதம் இல்லாமல் யாரையும் விற்கக்கூடாது. விடுதலை இல்லை. டாலியின் முதல் கல்யாணத்து மகன் ஒரு சூதாடி, குடிகாரர். அவருடைய கடன் ஒரு பக்கம், விளைச்சல் சரியில்லாதது ஒரு பக்கம். டாலி ஆட்களை விற்கத் தொடங்கினார். 1844-ல் வீட்டையே விற்றார்.

இங்கே ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகணும். பால் ஜென்னிங்ஸ், 1799-ல் மான்ட்பீலியரில் அடிமையாகப் பிறந்தவர். பத்து வயதில் மேடிசனோடு வெள்ளை மாளிகைக்குப் போனார். பிறகு அவருடைய அந்தரங்கப் பணியாள். பதினாறு வருஷம் ஒருநாள் விட்டு ஒருநாள் மேடிசனுக்குச் சவரம் செய்தவர். மேடிசன் உயிர் பிரிந்தபோது அறையில் இருந்தவர்.

தன்னை விடுதலை செய்வதாக டாலி 1841-ல் உயில் எழுதியிருந்தார். ஆனால் 1846-ல் பணத்தேவைக்காக ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு அவரை விற்றுவிட்டார். அடுத்த வருஷம் செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து வாங்கி விடுதலை கொடுத்தார். மாதம் 8 டாலர் வீதம் வேலை செய்து கழிக்கவேண்டும் என்று ஏற்பாடு. பதினைந்து மாதம். நாற்பத்தேழு வயது மனிதர், பிறந்ததிலிருந்து சம்பளமில்லாமல் உழைத்தவர், தன் விலையைத் தானே தவணையில் கட்டினார்.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். வறுமையில் வாடிய டாலிக்கு, தன்னை விற்ற அதே டாலிக்கு, தன் கைப்பணத்திலிருந்து அவ்வப்போது சிறு தொகை கொடுத்து உதவினார். 1848-ல் வாஷிங்டனிலிருந்து 77 அடிமைகள் 'பேர்ல்' என்ற பாய்மரக் கப்பலில் தப்ப முயன்று பிடிபட்டார்கள். அந்தத் திட்டத்துக்குப் பின்னால் உதவியவர்களில் ஜென்னிங்ஸும் ஒருவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1865-ல் மேடிசனைப் பற்றிய அவருடைய நினைவுக்குறிப்பு சிறு நூலாக வந்தது. வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த ஒருவர் எழுதிய முதல் நினைவுக்குறிப்பு அதுதான் என்கிறார்கள். 1814-ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது ஜார்ஜ் வாஷிங்டன் ஓவியத்தை டாலியே கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார் என்ற கதையை, அப்படி நடக்கவில்லை என்று அதில் தெளிவாக மறுக்கிறார். நேரில் இருந்தவர் ஆயிற்றே! கழற்றியது வாயில் பணியாளரும் தோட்டக்காரரும். 2009-ல் ஜென்னிங்ஸின் வழித்தோன்றல்கள் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டு அந்த ஓவியத்தின் முன்னால் நின்றார்கள்.

55 அறையிலிருந்து 22 அறைக்கு

டாலி விற்றபின் வீடு பல கைமாறியது. 1901 வாக்கில் பெரும் பணக்கார டூபான்ட் குடும்பத்தின் வில்லியம் டூபான்ட் கைக்கு வந்தது. அவர் வீட்டை இரண்டு பக்கமும் பெருக்கினார். மகள் மேரியன் டூபான்ட் ஸ்காட் குதிரைப் பித்து. அவருடைய 'பேட்டில்ஷிப்' என்ற குதிரை 1938-ல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை ஜெயித்தது. மான்ட்பீலியர் வளாகத்தில் இன்றும் நவம்பரில் குதிரைப் பந்தயம் நடக்கிறது.

மேரியன் 1983-ல் இறந்தார். மேடிசன் காலத்தில் இருந்த அமைப்புக்கு முடிந்தவரை நெருக்கமாக வீட்டைக் கொண்டுவரவேண்டும் என்பது அவருடைய உயிலில் இருந்த விருப்பம். 1984-ல் சொத்து, வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது. 1987-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பிறகு அன்றாட நிர்வாகம் மான்ட்பீலியர் ஃபவுண்டேஷன் என்ற தனி அமைப்புக்கு வந்தது. சொத்து ஒருவருடையது, நடத்துவது இன்னொருவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2003-ல் தொடங்கி 2008-ல் முடிந்த சீரமைப்புக்குச் சுமார் 25 மில்லியன் டாலர் செலவு. பெரும்பகுதி, பால் மெலன் என்ற கொடையாளரின் சொத்திலிருந்து வந்தது. சேர்த்துக் கட்டிய டூபான்ட் பகுதிகளை முழுக்க இடித்தார்கள். 36,000 சதுர அடி, 55 அறைகள் இருந்த மாளிகை, சுமார் 12,000 சதுர அடி, 22 அறைகள் என்று சுருங்கியது. வெளிப்பூச்சை உரித்துச் செங்கலை வெளியே கொண்டுவந்தார்கள். மேடிசன் காலத்துக் கதவுகளையும் மரச்சட்டங்களையும் டூபான்ட் குடும்பம் தூக்கிப்போடாமல் வேறு இடங்களில் பொருத்தியிருந்தது. ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பழைய இடத்தில் வைத்தார்கள். ஆணித் துளை, சுவரில் படிக்கட்டு இருந்த தடம், வண்ணப்பூச்சின் அடுக்குகள் எல்லாமே சாட்சி. சுவருக்குள் ஒரு எலிக்கூடு கிடைத்தது. அதில் துணித் துண்டுகள், காகிதத் துண்டுகள், மேடிசன் கையெழுத்தில் ஒரு கடிதத் துணுக்கு! இருநூறு வருஷ பேக்கப் எடுத்து வைத்தது ஒரு எலி.

மென்பொருள்காரனுக்கு இது ரொம்பப் பரிச்சயமான வேலை. வேண்டாத மாற்றங்களையெல்லாம் தள்ளிவிட்டுப் பழைய ஒரு வெர்ஷனுக்கு ரோல்பேக் செய்வது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த வெர்ஷனுக்கு? இவர்கள் தேர்ந்தெடுத்தது 1820 வாக்கில், மேடிசன் ஓய்வுபெற்றுத் திரும்பிய காலம். டூபான்ட் காலமும் வரலாறுதானே, அதை அழிக்கலாமா என்று பாதுகாப்புத் துறைக்காரர்களிடையே முணுமுணுப்பு இருந்தது. மேரியனின் சிவப்பு வரவேற்பறையை மட்டும் அப்படியே பெயர்த்து, பார்வையாளர் மையத்தில் வைத்தார்கள்.

எனக்குப் படுவது வேறு. 2008-ல் 1820 என்று முடிவு செய்து, ஆணித் துளைவரைக்கும் தேடிப் பிடித்துப் பழையபடி ஆக்கினார்கள். ஆனால் 1820-ல் அந்த இடத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த வெர்ஷனில் இல்லை. வீட்டுக்குத் தெற்கே, வீட்டு வேலைக்காரர்கள் குடியிருந்த முற்றத்தில், குடில்கள் இருந்த இடத்தைக் காட்ட வெறும் மரச்சட்டங்கள்தான் நின்றன. ரோல்பேக் பாதியில் நின்றுவிட்டது.

தெற்கு முற்றம்

மீதிப் பாதியைத் தொடங்கிவைத்தது ஒரு இன்சூரன்ஸ் காகிதம். 1837-ல், தீ விபத்துக் காப்பீட்டுக்காகக் கட்டடங்களை அளந்து வரைந்த படம் ஒன்று இருக்கிறது. தெற்கு முற்றத்தில் எந்தக் குடில் எங்கே, என்ன அளவு என்று அதில் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களைப் பதிவு செய்ய யாரும் நினைக்கவில்லை. எரிந்தால் எவ்வளவு நஷ்டம் என்று பதிவு செய்தார்கள். அது போதுமானதாக இருந்தது. அகழாய்வாளர்கள் படம் சொன்ன இடத்தில் தோண்டினார்கள். அடித்தளங்கள், உடைந்த பீங்கான், பித்தான்கள், புகைக்குழாய்கள் கிடைத்தன.

2014-ல் டேவிட் ரூபன்ஸ்டைன் என்ற தொழிலதிபர் 10 மில்லியன் டாலர் கொடுத்தார். குடில்களும் புகைபோடும் கூடங்களும் திரும்ப எழும்பின. 2017-ல் வீட்டின் நிலவறைகளிலும் முற்றத்திலும் அடிமைமுறை பற்றிய நிரந்தரக் கண்காட்சி திறந்தது. அதன் பெயரே 'வெறும் நிற வேறுபாடு', மேடிசன் மாநாட்டில் பேசிய அதே சொற்றொடர். சுவரில் பெயர்கள். சுட்ட செங்கற்களில் பதிந்த விரல் ரேகைகள். ஈரக் களிமண்ணை அச்சிலிருந்து எடுத்தவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், விட்டுப்போன தடம்.

இதே வளாகத்தில் இன்னும் இரண்டு கட்டடங்கள் பார்க்கவேண்டியவை. ஒன்று, இங்கே அடிமையாக இருந்த ஜார்ஜ் கில்மோர், விடுதலைக்குப் பிறகு 1870-களில் தன் குடும்பத்துக்குக் கட்டிய மரக்குடில். இன்னொன்று, டூபான்ட் 1910-ல் கட்டிய சின்ன ரயில் நிலையம். அதில் காத்திருப்பு அறை இரண்டு: வெள்ளையருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று. அந்தப் பலகைகளோடேயே அதைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று கட்டடத்தையும் ஒரே நாளில் நடந்து பார்த்தால் 1787, 1870, 1910 மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும்.

ஓட்டு யாருக்கு?

இதெல்லாம் அருங்காட்சியகம் தானாகச் செய்த தர்மம் இல்லை. அடிமைகளின் வழித்தோன்றல்கள் பல வருஷமாகக் குடும்பக் கதை, பழைய படங்கள், வம்சாவளி என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். 2018-ல் மான்ட்பீலியரில் கூடிய வல்லுநர்களும் வழித்தோன்றல்களும் ஒரு வழிகாட்டியை உருவாக்கினார்கள். அடிமைகள் இருந்த வரலாற்றுத் தலங்கள், அவர்களின் வழித்தோன்றல்களோடு எப்படிச் சேர்ந்து செயல்படவேண்டும் என்று. ஆலோசனை கேட்டால் மட்டும் போதாது, முடிவெடுக்கும் இடத்திலும் அவர்கள் உட்காரவேண்டும் என்பது அதன் சாரம். 2019-ல் மான்ட்பீலியர் வழித்தோன்றல்கள் குழு அமைந்தது.

2021 ஜூனில் ஃபவுண்டேஷன் நிர்வாகக் குழு ஒரு பெரிய முடிவெடுத்தது. குழுவில் வழித்தோன்றல்கள் தரப்புக்குச் சரிபாதி இடம். அந்தப் பெயர்களைப் பரிந்துரைக்கும் உரிமை வழித்தோன்றல்கள் குழுவுக்கு. ஒரு அதிபரின் வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு அதுவரை இல்லை. பத்திரிகைகள் பாராட்டின.

ஒன்பது மாதத்தில் மாறியது. 2022 மார்ச்சில் அதே நிர்வாகக் குழு, பரிந்துரைக்கும் தனி உரிமையை ரத்து செய்தது. வழித்தோன்றல்களுக்கு இடம் கொடுக்க நாங்கள் மறுக்கவில்லை, ஆனால் எந்த வழித்தோன்றலை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எங்களுக்கு வேண்டும் என்றது நிர்வாகத்தின் வாதம். எங்களுக்காக யார் பேசுவது என்பதை நீங்கள் முடிவு செய்தால் அது எப்படிப் பிரதிநிதித்துவம் ஆகும் என்றது குழுவின் பதில். ஏப்ரலில், வழித்தோன்றல்களுக்கு ஆதரவாகப் பேசிய மூத்த ஊழியர்கள் சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நாடு முழுக்க வரலாற்றுத் துறையினர் எதிர்த்தார்கள். சொத்தின் உரிமையாளரான நேஷனல் டிரஸ்ட்டும் எதிர்த்தது. (முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான்.) மே 16-ஆம் தேதி நிர்வாகக் குழு, வழித்தோன்றல்கள் குழு கொடுத்த பட்டியலிலிருந்தே 11 பேரைத் தேர்ந்தெடுத்தது. நிர்வாகத் தலைவர் விலகினார். நீக்கப்பட்டவர்களில் ஒருவர் இடைக்காலத் தலைவராகவே திரும்பி வந்தார்.

இந்தச் சண்டையை 'அலுவலக அரசியல்' என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 1787-ல் தெற்கு முற்றத்து மக்களை எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையால் வந்த இடத்தில் உட்கார்ந்தது வேறு ஆட்கள். 2022 மார்ச் முடிவும் வடிவத்தில் அதேதான்: உங்கள் பெயரால் இடம் உண்டு, அதில் யார் உட்காருவது என்பது எங்கள் இஷ்டம். நோக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எண்ணப்படுவதும் பிரதிநிதித்துவமும் ஒன்றல்ல என்கிறேன்.

மேடிசனை இதற்காகத் தூக்கி எறியணும் என்பதும் என் கட்சி இல்லை. அதிகாரத்தை ஒரே கையில் விடாதே, ஒருவர் பேராசையை இன்னொருவர் பேராசையால் தடு என்று யோசித்தவர் அவர். யாருக்கு இடம் என்பதை இடம் வைத்திருப்பவரே முடிவு செய்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா? அந்த அறிவைத் தன் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தவர்களுக்குப் பொருத்திப் பார்க்க மட்டும் அவர் மறுத்தார். ரெண்டு நூற்றாண்டு கழித்து, அவர் படித்த அறை இருக்கும் வீட்டின் நிர்வாகக் குழுவில், அவர் எண்ணிய மக்களின் வாரிசுகள் தரப்பில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 2022-ல் பெரும்பான்மை ஆனார்கள். மேடிசனின் பாதிக் கணக்கை அந்த வீட்டிலேயே முடித்து வைத்தவர்கள் இவர்கள்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் வாஷிங்டன் டி.சி. போனால் ஒருநாள் ஒதுக்கி மான்ட்பீலியருக்கும் போய்விட்டு வாருங்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மாடி அறையைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். நிலவறைக்கு இறங்கி, அந்தச் செங்கற்களில் உள்ள விரல் தடங்களைப் பாருங்கள்.